அன்றாடப் படங்களுக்குச் சிறிய அகலக்கோண ப்ரைம் லென்ஸ்: 16, 18, 23 மி.மீ. மூன்றில் எது?

கேள்வி: என்னிடம் 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி (ஃபுல் ஃப்ரேமைவிடச் சிறிய சென்சார் கொண்ட) மிரர்லெஸ் கேமராவும் அதனுடன் வந்த 18-55 மி.மீ., எஃப்/3.5-5.6 கிட் லென்ஸும் உள்ளன. வீட்டில் குழந்தைகள், தெருக்காட்சிகள், பயணங்களில் கட்டடங்கள் ஆகியவற்றையே பெரும்பாலும் படம் எடுக்கிறேன். எப்போதும் கையோடு எடுத்துச் செல்லச் சிறிய அகலக்கோண ப்ரைம் (ஜூம் இல்லாத) லென்ஸ் ஒன்று வாங்க விரும்புகிறேன். 16, 18, 23 மி.மீ. மூன்றில் எது பொருந்தும்? எஃப்/1.4 அளவுக்கு அகன்ற ஒளித்துளை அவசியமா? கிட் லென்ஸை விற்றுவிடலாமா?

பதில்: நீங்கள் சொல்லியிருக்கும் மூவகைப் படங்களுக்கும் சேர்த்து ஒரே லென்ஸ்தான் என்றால், 18 மி.மீ. எஃப்/2 வகை லென்ஸையே நான் பரிந்துரைப்பேன். குழந்தைகளின் படங்களே உங்கள் தொகுப்பில் மிகுதி என்றால் 23 மி.மீ. பக்கம் சாயலாம். 16 மி.மீ. நல்ல லென்ஸ்தான், ஆனால் ஒரே லென்ஸாக அதை வைத்துக்கொள்வது கடினம்.

ஏபிஎஸ்-சி சென்சாரில் குவியத் தொலைவை (லென்ஸின் மி.மீ. எண்ணை) 1.5 ஆல் பெருக்கினால் (கேனான் கேமராக்களில் 1.6) அதே கோணத்தைத் தரும் ஃபுல் ஃப்ரேம் (35 மி.மீ. ஃபிலிம் அளவுச் சென்சார்) லென்ஸின் எண் கிடைக்கும். அதன்படி 16 என்பது 24 ஆகவும், 18 என்பது ஏறத்தாழ 28 ஆகவும், 23 என்பது 35 ஆகவும் ஆகிறது. ஆனால் இந்த எண்களைவிட, எவ்வளவு தூரத்தில் நின்றால் எவ்வளவு அகலம் ஃப்ரேமுக்குள் வரும் என்ற கணக்கே வாங்குபவருக்கு உதவும். கேனான் அல்லாத பெரும்பாலான ஏபிஎஸ்-சி சென்சார்களின் அகலம் சுமார் 23.5 மி.மீ. என்பதால், 23 மி.மீ. லென்ஸில் நீங்கள் நிற்கும் தூரமும் படத்தில் விழும் அகலமும் ஏறக்குறைய ஒன்றே. இரண்டு மீட்டர் தள்ளி நின்றால் இரண்டு மீட்டர் அகலம் கிடைக்கும். அதே இடத்திலிருந்து 18 மி.மீ. சுமார் 2.6 மீட்டரையும், 16 மி.மீ. சுமார் 2.9 மீட்டரையும் காட்டும். முதுகு சுவரில் முட்டிவிட்ட அறைக்குள் நான்கு பேரை அமர்த்திப் படம் எடுக்கும்போது 23-க்கும் 18-க்கும் இடையிலான அந்த 0.6 மீட்டர் வேறுபாடுதான் ஓரத்தில் இருப்பவர் முழுதாக வருவாரா, பாதியாக வருவாரா என்பதைத் தீர்மானிக்கிறது.

இதைப் பணம் செலவழிக்காமலேயே சோதித்துப் பார்க்க உங்களிடம் கிட் லென்ஸ் இருக்கிறது. எந்தக் குவியத் தொலைவில் அதிகப் படங்கள் எடுத்திருக்கிறோம் என்று பழைய படங்களின் எக்ஸிஃப் தகவலை (படக்கோப்பில் கேமரா பதித்துவைக்கும் விவரங்களை) எண்ணிப் பார்க்கும்படி பலர் அறிவுரை சொல்வார்கள். அந்த எண்ணிக்கையை நான் முழுமையாக நம்புவதில்லை. ஜூம் வளையத்தை ஒரு கோடிக்கோ மறு கோடிக்கோ திருகிவிடுவது பெரும்பாலோரின் கைப்பழக்கம் என்பதால், 18, 55 ஆகிய இரண்டு எண்களும் அங்கே தம் தகுதிக்கு மீறிய எண்ணிக்கையில் நிற்கும். அதற்கு மாறாக, வளையத்தை 18-இல் வைத்து ஒரு துண்டு டேப்பால் ஒட்டிச் சில நாட்கள் வழக்கமான படங்களை எடுங்கள். பிறகு 23-க்கு மாற்றி அதே போல எடுங்கள். 18-இல் எடுத்தவற்றைப் பார்க்கும்போதெல்லாம் ஓரங்களை வெட்டத் தோன்றினால் உங்களுக்கு உரியது 23. 23-இல் அடிக்கடி பின்வாங்க இடமின்றித் தவித்தால் 18.

இரண்டும் சமமாகத் தோன்றினால் 18-ஐயே எடுங்கள் என்பதற்குக் காரணம் உண்டு. 18 மி.மீ. லென்ஸில் எடுத்த 24 மெகாபிக்சல் படத்தை 23-இன் கோணத்துக்கு வெட்டினாலும் ஏறத்தாழ 14.7 மெகாபிக்சல் மிஞ்சும். பெரிய அச்சுக்கும் அது போதும். 23-இல் எடுத்த படத்தில் விடுபட்ட ஓரத்தைத் திரும்பப் பெற வழியில்லை.

அப்படியானால் இன்னும் அகலமான 16 மி.மீ. இன்னும் நல்லதுதானே என்று கேட்கலாம். நேர்கோடுகளை நேராகவே காட்டும் அகலக்கோண லென்ஸ்கள் எல்லாமே, படத்தின் விளிம்பை நெருங்கும் பொருட்களை வெளிப்புறமாக இழுத்து நீட்டிக் காட்டும். இது லென்ஸின் குறைபாடு அன்று. அகன்ற கோணத்தைத் தட்டையான பரப்பில் விரிப்பதன் விளைவு. சுவருக்கும் சாலைக்கும் இதனால் கேடில்லை. ஆனால் குழுப் படத்தின் ஓரத்தில் நிற்பவரின் தலை 16 மி.மீ.யில் பார்த்ததும் தெரியும் அளவுக்கு அகன்றுவிடும். 18-இல் ஆட்களை ஓரத்திலிருந்து சற்று உள்ளே நிறுத்தினால் சமாளிக்கலாம். 23-இல் இது பெரும்பாலும் உறுத்தாது. குழந்தையின் முகத்தை அரை மீட்டர் அருகில் சென்று எடுத்தால் மூக்கு பெரிதாகத் தெரிவது வேறு விஷயம். அது தூரத்தால் வருவது. எந்த லென்ஸாக இருந்தாலும் அந்தத் தூரத்தில் அப்படித்தான் தெரியும். அகலக்கோண லென்ஸ் நம்மை அவ்வளவு நெருங்கத் தூண்டுகிறது என்பதே அதன் மீதுள்ள குற்றம். கட்டடங்களைப் பொறுத்தவரை, கேமராவை மேல்நோக்கிச் சாய்க்காமல் மட்டமாகப் பிடித்துப் படத்தின் கீழ்ப்பகுதியைப் பின்னர் வெட்டிவிடும் வழக்கம் இருந்தால், 18-இலேயே தூண்கள் சாயாமல் நிற்கும்.

அப்பர்ச்சர் (ஒளித்துளை; எஃப் எண் குறையக் குறைய அது அகலும்) விஷயத்தில்தான் பலர் தேவைக்கு மேல் செலவழிக்கிறார்கள். உங்கள் கிட் லென்ஸ் 18 மி.மீ.யில் எஃப்/3.5 தருகிறது. அதனுடன் ஒப்பிட்டால் எஃப்/2.8 ப்ரைம் லென்ஸ் சுமார் ஒன்றரை மடங்கு ஒளியையும், எஃப்/2 மூன்று மடங்கையும், எஃப்/1.4 ஆறு மடங்கையும் உள்ளே விடும். இரவு விளக்கொளியில் ஓடியாடும் குழந்தையை 1/125 நொடியில் எடுக்கக் கிட் லென்ஸுக்கு ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன் அளவு; கூடினால் படத்தில் புள்ளிகள் மிகும்) 6400 தேவைப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். எஃப்/2.8-இல் அது 4000 அளவுக்குத்தான் இறங்கும். எஃப்/2-இல் 2000 அளவுக்கும், எஃப்/1.4-இல் 1000 அளவுக்கும் வரும். ஆகவே எஃப்/2.8 லென்ஸை அதன் சிறிய உருவத்துக்காக வாங்கலாமே தவிர, இருட்டுக்காக வாங்குவது வீண். உடலிலோ லென்ஸிலோ உள்ள நடுக்கத் தடுப்பு இங்கே உதவாது. அது உங்கள் கை நடுக்கத்தைச் சரிசெய்யும், குழந்தையின் ஓட்டத்தை நிறுத்தாது.

பின்னணி மங்கலுக்காக எஃப்/1.4 வேண்டும் என்று நினைத்தால், அகலக்கோணத்தில் அது அவ்வளவாகக் கைகொடுக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 18 மி.மீ. எஃப்/2-இல் இரண்டு மீட்டர் தூரத்தில் ஃபோகஸ் செய்தால் 1.6 முதல் 2.6 மீட்டர் வரை தெளிவாகவே இருக்கும். மறுபுறம், எஃப்/1.4-க்குத் தரும் விலை பணம் மட்டுமன்று. ஃபூஜிஃபில்ம் நிறுவனத்தின் 18 மி.மீ. எஃப்/2 லென்ஸின் எடை 116 கிராம். 2021-இல் அதே நிறுவனம் வெளியிட்ட 18 மி.மீ. எஃப்/1.4 லென்ஸின் எடை 370 கிராம். ஒளியியல் தரத்தில் இரண்டாவதே மேலானது என்பதில் ஐயமில்லை. ஆனாலும் கையோடு இருக்க வேண்டும் என்பதே உங்கள் முதல் நிபந்தனை என்பதால் நான் முதலாவதின் பக்கமே நிற்கிறேன்.

உங்கள் கேமராவின் மவுண்ட் (லென்ஸைப் பொருத்தும் இணைப்பு வகை) எது என்று நீங்கள் எழுதவில்லை. ஆகவே தேடும்போது கவனிக்க வேண்டிய ஒன்றை மட்டும் குறிப்பிடுகிறேன். சந்தையில் ‘சிறிய அகலக்கோண லென்ஸ்’ என்று புகழப்படுபவற்றில் பல ஃபுல் ஃப்ரேமை மனத்தில் வைத்து அமைக்கப்பட்டவை. கேனான் ஆர்எஃப் 28 மி.மீ. எஃப்/2.8 லென்ஸ் 120 கிராம்தான். ஆனால் ஏபிஎஸ்-சி உடலில் அது 45 மி.மீ. போன்ற கோணத்தைத் தருவதால் அகலக்கோணம் என்ற பேச்சுக்கே இடமில்லை. நிக்கான் இசட் 26 மி.மீ. எஃப்/2.8 அதே போல 39 ஆகிவிடும். ஏபிஎஸ்-சிக்கென்றே அமைந்த சோனி இ 20 மி.மீ. எஃப்/2.8 (69 கிராம், 30-க்கு நிகர்), நிக்கான் டிஎக்ஸ் 24 மி.மீ. எஃப்/1.7 (135 கிராம், 36-க்கு நிகர்) போன்றவற்றிலிருந்து தேடத் தொடங்குங்கள்.

விவரப் பட்டியலில் பலரும் பார்க்காமல் விடும் வரி, மிகக் குறைந்த ஃபோகஸ் தூரம். அது லென்ஸின் முனையிலிருந்து அல்லாமல் சென்சாரிலிருந்து அளக்கப்படுவது, 20 செ.மீ. அளவில் இருந்தால் மேசை மேல் உள்ள சிறு பொருளையும் நெருங்கி எடுக்க முடியும், 35 செ.மீ. என்றால் அடிக்கடி எரிச்சல் வரும். வீடியோ எடுப்பவராக இருந்தால் ஃபோகஸ் மோட்டாரின் ஒலியையும் கேட்டுப் பாருங்கள். பழைய சிறு லென்ஸ்கள் சிலவற்றில் கண்ணாடித் தொகுதி முழுவதும் முன்னும் பின்னும் நகர்வதால் அந்த ஒலி பதிவில் விழும். தெருவில் இதையெல்லாம் மறந்துவிடலாம்: 18 மி.மீ. லென்ஸை எஃப்/8-இல் வைத்து இரண்டு மீட்டருக்கு ஃபோகஸ் செய்துவிட்டால், ஒரு மீட்டருக்கு அப்பால் உள்ள எல்லாமே போதிய தெளிவுடன் விழும்.

மூலைகள் சற்று மென்மையாக இருப்பதும், கோட்டு வளைவை மென்பொருள் திருத்துவதும் சிறிய லென்ஸ்களில் இயல்பு, எஃப்/5.6-க்குக் குறுக்கினால் மூலைகள் பெரும்பாலும் தேறிவிடும். ஆனால் ஒரு மூலை மட்டும் மற்ற மூன்றைவிட மங்கலாக இருந்தால் அது கண்ணாடிகள் மையம் விலகியதன் அடையாளம். பயன்படுத்திய லென்ஸ் வாங்குவதாக இருந்தால், செங்கல் சுவர் போன்ற தட்டையான பரப்பை நேர்முகமாக நின்று எஃப்/4-இல் எடுத்து, நான்கு மூலைகளையும் நூறு சதவீத அளவில் ஒப்பிடுங்கள். கைவிளக்கை உள்ளே பாய்ச்சி ஃபங்கஸ் இழைகள் உள்ளனவா என்றும் பாருங்கள்.

கிட் லென்ஸை இப்போது விற்க வேண்டாம். 55 மி.மீ. முனையின் தேவை எவ்வளவு என்பது, புதிய லென்ஸுடன் ஒரு நீண்ட பயணம் சென்று வந்த பிறகே உங்களுக்குத் தெரியவரும்.