வாசகர் கேள்வி – பதில்: மாதிரிப் பந்தயக் காரின் பெயின்ட் ஏன் வெளுக்கிறது?

கேள்வி: 1987ஆம் ஆண்டு உலக டூரிங் கார் பந்தயங்களில் ஓடிய பிஎம்டபிள்யூ எம்3 காரின் 1/24 அளவு பிளாஸ்டிக் மாதிரியைப் பொருத்தி வருகிறேன். ஸ்ப்ரே டின்னால் அடித்த சிவப்புப் பெயின்ட் காய்ந்ததும் சாம்பல் பூத்தது போல வெளுத்துவிட்டது. அதன்மேல் ஒட்டிய டெக்கல்களின் (நீரில் நனைத்து ஒட்டும் மெல்லிய படங்கள்) கீழும் வெள்ளி நிற மினுமினுப்புத் தெரிகிறது. பெயின்ட் தரமற்றதா? இந்தக் காரின் சக்கர வளைவுகள் இவ்வளவு புடைத்திருப்பதும் ஏன்?
– வாசகர், தலவாக்கலை

பதில்: பெயின்டைக் குறை சொல்ல வேண்டாம், உங்கள் பக்கத்து ஈரக் காற்றே காரணமாக இருக்க வேண்டும். ஸ்ப்ரே டின்னில் வரும் லாக்கர் வகைப் பெயின்டின் கரைப்பான் விரைவாக ஆவியாகும்போது மேற்பரப்பின் வெப்பத்தையும் எடுத்துக்கொள்வதால், அந்த இடம் சட்டெனக் குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் காயாத பெயின்டில் நுண்துளிகளாகப் படிந்து வெண்படலமாகத் தங்கிவிடுகிறது. மினுமினுப்பும் இதன் தொடர்ச்சிதான்: வெளுத்த பரப்பு சொரசொரப்பாக இருப்பதால் டெக்கல் முழுமையாகப் படியாமல், அடியில் அகப்பட்ட காற்று ஒளியைச் சிதறடிக்கிறது.

டெக்கல் ஒட்டாத பகுதிகளில், நல்ல வெயில் உள்ள நண்பகலில் அதே பெயின்டை மெல்லிய பூச்சாக மீண்டும் அடித்தால், புதிய கரைப்பான் பழைய படலத்தை இளக்கி ஈரத்தை வெளியேற விடும். டின்னை வெதுவெதுப்பான நீரில் சிறிது நேரம் வைத்தால் பெயின்ட் சீராகப் பரவும்; ஆனால் கொதிநீரிலோ அடுப்பருகிலோ ஒருபோதும் வைக்காதீர்கள், விறகடுப்பு எரியும் சமையலறையில் ஸ்ப்ரே அடிக்கவும் கூடாது. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை உங்கள் பக்கத்தை நனைக்கும் காலத்தில், மலைகளின் மறுபக்கத்திலுள்ள பண்டாரவளை, வெலிமடைப் பகுதிகள் பெரும்பாலும் வரண்டிருக்கும். அங்கு உறவினர் இருந்தால், பெயின்ட் வேலையை மட்டும் அங்கே வைத்துக்கொள்வது நல்ல யோசனை.

ஒட்டிய டெக்கல்களை இழக்க மனமில்லையென்றால், மினுமினுப்பு உள்ள இடத்தை மெல்லிய ஊசியால் குத்தி, டெக்கலை மென்மையாக்கும் திரவத்தில் ஒரு துளி விடுங்கள். அது துளை வழியே இறங்கிப் படலத்தைப் படியச் செய்யும். மீதமுள்ளவற்றை ஒட்டுமுன் பளபளப்பான கிளியர் (நிறமற்ற பெயின்ட்) ஒரு பூச்சு அடித்து, அது நன்றாகக் காயும்வரை பொறுத்திருங்கள். அவசரம்தான் இந்த வேலையில் பெரும் கேடு.

சக்கர வளைவுகள் பந்தயத்துக்கென்று தனியாக ஒட்டப்பட்டவை அல்ல. இந்தக் கார் ஓடிய ‘குரூப் ஏ’ பந்தயப் பிரிவின் விதிப்படி பன்னிரண்டு மாதங்களுக்குள் 5,000 கார்கள் தயாரிக்கப்பட வேண்டியிருந்ததால், அகன்ற சக்கரங்களுக்கு இடம்தரும் அந்த வளைவுகளும், சாய்வு மாற்றப்பட்ட பின்கண்ணாடியும், உயர்த்தப்பட்ட டிக்கி மூடியும் கடையில் விற்ற காரிலேயே இருந்தன. அந்த உடலோடுதான் இத்தாலியப் பந்தய ஓட்டுநர் ரொபேர்ட்டோ ரவாலியா 1987இல் உலகப் பட்டத்தை வென்றார். எனவே மாதிரியின் வளைவுகளை அரத்தால் தேய்த்துச் சிறிதாக்க வேண்டாம். உங்கள் உழைப்பைப் பின்னிருக்கை இல்லாத உட்புறத்திலும் பாதுகாப்புக் குழாய்ச் சட்டத்திலும் செலுத்துங்கள். கதவுக் கண்ணாடி வழியே பார்ப்பவர் கண்ணில் முதலில் படுவது அவைதான்.