சின்ன சர்வரில் வரைபட டைல் வேகமாக வர என்ன செய்யலாம்?

செட்டிநாட்டு வீடுகளைக் காட்டும் வரைபடம், 4 ஜிபி ரேம், 2 கோர் சர்வர், ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற திறந்த வரைபடத்தின் தரவு, பெரிதாக்கினால் டைல் (வரைபடத்தின் சிறு சதுரப் படத்துண்டு) வர பத்து விநாடி. இதுதானே கேள்வி?

ரேம் வாங்க ஓடாதீர்கள். முழு இந்தியத் தரவையும் ஏற்றியிருந்தால் முதலில் அதை வெட்டுங்கள். காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் அடங்கும், பக்கத்துக்கு 40 கி.மீ. உள்ள சதுரத்தை ஆஸ்மியம் கருவியால் பிரித்து, அதை மட்டும் போஸ்ட்ஜிஸ் என்ற வரைபடத் தரவுத்தளத்தில் ஏற்றினால் போதும்.

அப்புறம் ஒரு கணக்கு. வீடுகள் தெரியும் அளவுக்குப் பெரிதாக்கிய 18ஆம் ஜூம் நிலையில் உலகத்துக்கு 6,800 கோடிக்கு மேல் டைல்கள். ஆனால் இந்த அட்சரேகையில் ஒரு டைலின் பக்கம் ஏறக்குறைய 150 மீட்டர். உங்கள் சதுரத்துக்கு சுமார் 70,000தான் வரும். டைலை வரையும் மேப்னிக் மென்பொருளை, வரையும் வேலைகளை வரிசையாகக் கொடுக்கும் ரெண்டர்டி வழியாக ஓட்டினால் 8×8 டைல்களை ஒரே பெரிய துண்டாக, அதாவது மெட்டாடைலாக வரையும். ஆக, சுமார் 1,200 முறை வரைந்தால் அந்த நிலை முடிந்தது. ஒவ்வொரு நிலை கீழே இறங்கும்போதும் இது கால்வாசியாகும். பிறகு ஏன் ஆள் வந்தபின் வரைய வேண்டும்? ராத்திரியே ரெண்டர்_லிஸ்ட் என்ற முன்கூட்டியே வரையும் கருவியை ஓடவிட்டு எல்லாவற்றையும் வரைந்து வைத்துவிடுங்கள். பகலில் சர்வருக்குக் கோப்பை எடுத்துக் கொடுக்கும் வேலைதான்.

காசு செலவழித்தே ஆக வேண்டுமென்றால் எஸ்எஸ்டி என்ற வேகமான சேமிப்பு வட்டை வாங்குங்கள். தரவுத்தளம் வட்டில் தேடும் நேரம்தான் பெரும்பாலும் இழுக்கும். எதை எப்படி வரைவது என்று சொல்லும் ஸ்டைல் கோப்பில் தேவையில்லாத அடுக்குகளையும் நீக்குங்கள். தெருவிலிருந்து அடுத்த தெருவரை நீளும் வீடுகளைக் காட்ட மின்கம்பங்கள் எதற்கு?