பட்டென்று சொல்வதும் பட்டும் படாமல் சொல்வதும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஓசூரில் வாகன உதிரிபாக நிறுவனம் ஒன்றில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். ஜெர்மன் வாடிக்கையாளரோடும் ஜப்பானிய வாடிக்கையாளரோடும் அடிக்கடி காணொளிக் கூட்டம் நடக்கும், எல்லாம் ஆங்கிலத்தில்தான். ஜெர்மானியர் வரைபடத்தைப் பார்த்ததும் அத்தனை பேர் முன்னால் ‘இது தப்பு’ என்பார். ஜப்பானியர் ‘ஹை, ஹை’ (ஆமாம், ஆமாம்) என்று தலையாட்டுவார். சம்மதித்துவிட்டார் என்று நினைத்தால் இரண்டு நாளில் மறுத்து மின்னஞ்சல் வரும். பயிற்சி வகுப்பில் இதை ‘சூழல் குறைந்த பண்பாடு, சூழல் மிகுந்த பண்பாடு’ என்றார்கள். ஜெர்மானியர் வெளிப்படை, ஜப்பானியர் பூடகம் என்று எடுத்துக்கொள்ளலாமா?

க., ஓசூர்

அன்புள்ள க.,

உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது எட்வர்ட் ஹால் என்ற அமெரிக்க மானுடவியலாளர் 1976இல் விரித்து எழுதிய பாகுபாடு. சொல்ல வேண்டியதை வார்த்தையிலேயே சொல்லிவிடுவது சூழல் குறைந்த பண்பாடு. பாதியைச் சொல்லாமல் விட்டு, சூழலை வைத்துப் புரிந்துகொள்ள விடுவது சூழல் மிகுந்த பண்பாடு. சூழல் மிகுந்த முனையில் ஜப்பானியர்கள், மறுமுனையில் ஜெர்மன் பேசும் சுவிஸ்காரர்கள், அவர்களை ஒட்டி ஜெர்மானியர்கள். முதல் வாரக் கூட்டங்களைச் சமாளிக்க அது போதும். அதற்குமேல் நம்பினால் கையைச் சுடும்.

அந்த ‘ஹை’யிலிருந்தே தொடங்கலாம். கதை கேட்கும்போது நாம் உம் கொட்டுகிறோமே, அதுதான் அது. உம் கொட்டியவர் கதையை ஒப்புக்கொண்டார் என்று யாரும் சொல்வதில்லை. ஜப்பானியப் பேச்சில் இது மிக அதிகம். தொலைபேசியில் நீங்கள் சத்தமில்லாமல் கேட்டுக்கொண்டிருந்தால் ‘மோஷி மோஷி?’ (ஹலோ, ஹலோ?) என்பார்கள், இணைப்பு துண்டித்துவிட்டதோ என்ற சந்தேகத்தில். ஜெர்மானியர் அவ்வளவு உம் கொட்டுவதில்லை. வாக்கியம் முடியும்வரை கேட்டுவிட்டு அப்புறம் பேசுவார். ஜப்பானியருக்கு அது கோபமாக இருக்கிறார் போலத் தோன்றும்.

ஜப்பானியர் யோசித்து யோசித்துத்தான் வாயைத் திறப்பார் என்ற நம்பிக்கையும் முழுக்கச் சரியில்லை. 2009இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஆமாம்–இல்லை கேள்விகளுக்கு எவ்வளவு நேரத்தில் பதில் வருகிறது என்று பத்து மொழிகளில் அளந்தார்கள். சராசரியில் முதலில் வந்தது ஜப்பானிய மொழி, கேள்வி முடிந்த கையோடு பதில். கடைசியில் வந்த டேனிஷ் மொழியில் கிட்டத்தட்ட அரை விநாடி ஆனது. ஆக, உங்கள் கூட்டத்தில் அவர் முடிவு சொல்லாமல் இழுப்பது மொழியால் வருவதில்லை. முடிவெடுப்பது அவர் ஒருவர் கையில் இல்லை. கூட்டத்துக்கு முன்பே சம்பந்தப்பட்ட ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பார்த்துப் பேசி இசையவைப்பது அங்கே வழக்கம், நெமாவாஷி என்பார்கள். அது நடக்காத விஷயத்தை நீங்கள் கூட்டத்தில் போட்டு உடைத்தால் அவர் என்ன சொல்ல முடியும்? பல்லிடுக்கில் காற்றை உறிஞ்சிக்கொண்டு ‘கொஞ்சம் கஷ்டம்...’ என்று இழுத்திருப்பார். அவரைப் பொறுத்தவரை அங்கேயே மறுத்தாயிற்று. மின்னஞ்சல் வெறும் சம்பிரதாயம்.

அதே ஜப்பானியர் தொழிற்சாலைக்குள் போனால் கதை வேறு. டொயோட்டாவில் குறையைக் கண்ட தொழிலாளி தலைக்குமேல் தொங்கும் கயிற்றை இழுப்பார். விளக்கு எரியும், குழுத்தலைவர் ஓடி வருவார். வண்டி வரிசையில் குறிப்பிட்ட இடத்தை எட்டுவதற்குள் சரியாகவில்லை என்றால் உற்பத்தி வரிசையே நின்றுவிடும். அத்தனை பேர் பார்க்க ‘இங்கே தப்பு’ என்று சொல்வதுதானே இது?

இனி ஜெர்மானியர். அங்கே வேலையை விட்டுப் போகிறவர் கேட்டால் அனுபவச் சான்றிதழ் கொடுத்தே ஆகவேண்டும், சட்டம். அதில் இருப்பது உண்மையாக இருக்க வேண்டும், அவருடைய அடுத்த வேலைக்கு வேட்டு வைக்காதபடி நல்லெண்ணத்தோடும் இருக்க வேண்டும். சுமாராக வேலை செய்தவருக்கு இந்த இரண்டையும் எப்படிச் சேர்த்து எழுதுவது? ஒரு ரகசிய மதிப்பெண் முறையே வளர்ந்துவிட்டது. ‘எப்போதும் எங்களுக்கு முழுமையிலும் முழுமையான திருப்தி தந்தார்’ என்றால் முதல் தரம். ‘எப்போதும்’ காணாமல் போனால் ஒரு படி கீழே. வெறும் ‘திருப்தி தந்தார்’ என்றால் தட்டுத்தடுமாறிப் பாஸ். ‘செய்ய முயன்றார்’ என்று இருந்தால் அந்த ஆளை எடுக்காதீர்கள் என்று அர்த்தம். உள்ளர்த்தம் வைத்து எழுதக்கூடாது என்றும் சட்டத்தில் இருக்கிறது, எழுதிக்கொண்டுதான் இருக்கிறார்கள். வாங்கியவர்கள் வக்கீலிடம் ஓடுவதும் உண்டு. கியோட்டோ நகரத்துக்காரர்களின் பூடகத்தைப் பற்றி ஜப்பானில் ஏகப்பட்ட நகைச்சுவை உலவுகிறது. இந்தச் சான்றிதழைக் கண்டால் அவர்களே மூக்கில் விரல் வைப்பார்கள்.

எதைப் பட்டென்று சொல்லலாம், எதைச் சுற்றிவளைக்க வேண்டும் என்பதில்தான் இருவரும் வேறுபடுகிறார்கள். உங்கள் ஜெர்மானியர் தப்பு என்றது வரைபடத்தை, வரைந்தவரை அல்ல. ஆளை எடைபோட வேண்டிவந்தால் அவரும் பூடகத்துக்குப் போய்விடுவார். ஜப்பானியருக்குப் பொருளில் உள்ள குறையைக் காட்டுவதில் தயக்கமில்லை. எதிரே உட்கார்ந்திருப்பவரின் வேண்டுகோளை எல்லார் முன்னாலும் மறுப்பதுதான் சங்கடம். இன்னொன்று, ஜெர்மன் பேச்சில் கட்டளையின் முனையை மழுக்க மால், டோஹ் என்று சின்னச் சின்ன அசைகள் நிறைய உண்டு. ஆங்கிலத்துக்கு மாறும்போது அவை உதிர்ந்துவிடுகின்றன. நீங்கள் கேட்பது அசை உதிர்ந்த ஜெர்மானியரை.

சரி, வேலைக்கு உதவுகிற மாதிரி இரண்டு சொல்கிறேன். ஜப்பானியருக்கு வரைபடத்தைக் கூட்டத்துக்குச் சில நாள் முன்பே அனுப்புங்கள். ‘ஒப்புக்கொள்கிறீர்களா’ என்று கேட்காமல், ‘இதில் எந்த இடத்தில் சிக்கல் வரலாம்’ என்று ஒருவரிடம் தனியாகக் கேளுங்கள். ஜெர்மானியர் தப்பு என்றதும் மன்னிப்புக் கேட்க வேண்டாம், எந்த அளவு, எத்தனை மைக்ரான் என்று கேளுங்கள். உங்கள் கணக்கு சரியென்றால் அங்கேயே மறுத்துப் பேசுங்கள், பெரும்பாலும் அவர் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்.