மெக்சிகோ க்ரூஸ்: குழந்தைகளோடு கரை இறங்கினால் எங்கே போவது?

கோடை விடுமுறைக்கு க்ரூஸ் பதிவு செய்த வாசகர்கள் பலர், கப்பலைவிடக் கப்பல் நிற்கும் ஊர்களைப் பற்றித்தான் அதிகம் கேட்டிருக்கிறார்கள். கரைச் சுற்றுலாவுக்குத் தனிக் கட்டணம். ஐந்து பேர் குடும்பம் என்றால் இரண்டே ஊர்களில் பெரிய தொகை போய்விடும். அதனால் இந்த முறை பதில்கள் முழுக்க அதைப் பற்றியே.

கேள்வி: ஜூன் மாதம் டெக்ஸாஸின் கால்வஸ்டனிலிருந்து ஐந்து இரவு க்ரூஸ் போகிறோம். ப்ரோக்ரேசோ, கோசுமெல் என்று இரண்டு துறைமுகங்கள். ஊரிலிருந்து வந்திருக்கும் மாமனார், மாமியாரும் எங்களோடு வருகிறார்கள். மாமியாருக்கு மூட்டுவலி. பையனுக்கு ஒன்பது வயது, பெண்ணுக்கு நான்கு. ப்ரோக்ரேசோவில் சிச்சேன் இட்சா, கோசுமெலில் துலும், மாயா மக்களின் பழைய நகர இடிபாடுகளான இரண்டையும் பார்த்தே தீர வேண்டும் என்கிறார் கணவர். பதிவு செய்யலாமா? (ஹூஸ்டன் வாசகி)

பதில்: எல்லோருமாகச் சேர்ந்து வேண்டாம்.

இடத்தின் பெருமையை விட்டுவிட்டு முதலில் நேரத்தைக் கணக்குப் போடுங்கள். ப்ரோக்ரேசோவிலிருந்து சிச்சேன் இட்சாவுக்கு ஒரு வழிக்கே ஏறக்குறைய இரண்டு மணி நேர பஸ் பயணம். போக வர நான்கு மணி நேரம் போனால், அங்கே நிற்கக் கிடைப்பது இரண்டு மணி நேரம் போலத்தான். ஜூன் மாத நண்பகல் வெயில். பெரிய பிரமிடைச் சுற்றி இருப்பது திறந்த வெளி. அதன்மேல் ஏறவும் பல ஆண்டுகளாக அனுமதி இல்லை. ஒன்பது வயதுப் பையன் கீழே நின்று அண்ணாந்து பார்ப்பான். நான்கு வயதுக் குழந்தை தூக்கச் சொல்லி அழும். மாமியார் நிழல் தேடி உட்கார்ந்துவிடுவார்.

துலும் இன்னும் சிரமம். கோசுமெல் ஒரு தீவு. துலும் இருப்பது எதிர்க்கரையில். முதலில் பிளாயா டெல் கார்மெனுக்குப் படகில் முக்கால் மணி நேரம் வரை ஆகும். இடையில் இருக்கும் நீரிணையில் அலை அதிகம், பிள்ளைகள் வாந்தி எடுப்பது சாதாரணம். பிறகு பஸ்ஸில் அறுபது கிலோமீட்டருக்கு மேல், அதன்பின் நடை. திரும்பும்போது மறுபடி இதே வரிசை. சுற்றுலா விளக்கத்தில் ‘ஏழு மணி நேரம்’ என்று போட்டிருந்தால், அதில் இடிபாடுகளைப் பார்ப்பது எவ்வளவு, வண்டியில் உட்கார்ந்திருப்பது எவ்வளவு என்று பிரித்துப் பாருங்கள். பாதிக்கு மேல் வண்டியிலும் படகிலும் போனால், சிறு பிள்ளைகளும் பெரியவர்களும் இருக்கும் குடும்பத்துக்கு அது ஏற்றதல்ல என்பது என் உறுதியான கருத்து.

உங்கள் கணவர் ஆசைப்படுவதில் தவறில்லை. சிச்சேன் இட்சா பார்க்க வேண்டிய இடம்தான். அவரும் பையனும் மட்டும் கப்பல் நிறுவனத்தின் சுற்றுலாவில் போய் வரட்டும். எல்லோரும் ஒரே இடத்துக்குத்தான் போக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. இரண்டு டிக்கெட்டோடு செலவும் முடியும்.

மற்றவர்களுக்கு ப்ரோக்ரேசோ ஊரே போதும். அங்கே கப்பல் நிற்கும் பாலம் கடலுக்குள் ஆறரை கிலோமீட்டர் நீண்டு கிடக்கிறது. கரைக்கு இலவச பஸ் ஓடும். இறங்கினால் கொஞ்ச தூரத்தில் கடற்கரைச் சாலை. ஆழம் குறைந்த, அலை அடங்கிய கடல், உட்காரக் கூரை போட்ட உணவகங்கள். நான்கு வயதுக் குழந்தைக்கு இதைவிட என்ன வேண்டும்?

பையனுக்கு டைனோசர் பிடிக்குமா? அப்படியானால் சிச்சேன் இட்சாவே தேவைப்படாமல் போகலாம். டைனோசர்களின் அழிவுக்குக் காரணமான விண்கல் சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் விழுந்தது இந்தக் கரையில்தான். அந்தப் பள்ளத்துக்குப் பெயர் கொடுத்த சிக்சுலுப் கிராமம் ப்ரோக்ரேசோவுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பள்ளம் மண்ணுக்கும் கடலுக்கும் அடியில் புதைந்து கிடப்பதால் கண்ணுக்கு எதுவும் தெரியாது, இதை முன்பே அவனிடம் சொல்லிவிடுங்கள். ஆனால் ஊரிலேயே விண்கல் அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது. யுகடான் பகுதியில் செனோட்டே எனப்படும் இயற்கைக் கிணறுகள் பல அந்தப் பள்ளத்தின் விளிம்பை ஒட்டியே வளையமாக அமைந்திருக்கின்றன. அதைக் கேட்டால் அவனுக்குக் கண் விரியும். மாயா இடிபாடு ஒன்றாவது பார்க்க வேண்டும் என்றால் ட்சிபில்சால்தூன் அரை மணி நேரப் பயணத்தில் இருக்கிறது. போகும் நாளில் திறந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கோசுமெலில் தீவை விட்டு வெளியே போகாதீர்கள். இடிபாடு வேண்டுமானால் தீவின் நடுவில் சான் ஹெர்வாசியோ இருக்கிறது, இஷ்செல் என்ற மாயா தெய்வத்தை வழிபட்ட இடம். சின்னதுதான், மரங்கள் உண்டு, ஒரு மணி நேரத்தில் பார்த்துவிடலாம். அதன்பின் மேற்குக் கரையில் ஒரு கடற்கரை கிளப்புக்கு நாள் சீட்டு எடுத்தால் நாற்காலி, நிழல், கழிப்பறை, நீச்சல்குளம் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். பதிவு செய்வதற்கு முன், கடலில் இறங்கும் இடம் மணலா, பாறையா என்று கேளுங்கள். கோசுமெலில் பல இடங்களில் கரை பாறைதான், ஏணி பிடித்து இறங்க வேண்டும். உங்கள் பெண்ணுக்கும் மாமியாருக்கும் அது சரிவராது.

கேள்வி: கப்பல் நிறுவனம் கேட்கும் விலையில் பாதிக்கு வெளி ஆட்கள் அதே சுற்றுலாவைத் தருகிறார்கள். நம்பலாமா? தாமதமானால் கப்பல் போய்விடும் என்று பயமுறுத்துகிறார்களே? (டாலஸ் வாசகர்)

பதில்: அந்தப் பயம் நியாயமானது. கப்பல் நிறுவனத்தின் சுற்றுலாவில் போன பஸ் தாமதமானால் கப்பல் காத்திருக்கும், அல்லது உங்களை அடுத்த துறைமுகத்துக்கு அவர்கள் செலவில் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். வெளி ஆட்களோடு போனால் காத்திருக்காது. விமான டிக்கெட், விடுதி எல்லாம் உங்கள் தலையில் விழும்.

ஆனாலும் எல்லா இடத்துக்கும் ஒரே விதி வேண்டாம். தூரம் அதிகம், நடுவில் படகு உண்டு என்றால் கூடுதல் பணம் கொடுத்துக் கப்பல் நிறுவனத்தோடே போங்கள், அது காப்பீடு மாதிரி. தீவுக்குள்ளேயே, துறைமுகத்திலிருந்து இருபது நிமிடத்தில் இருக்கும் கடற்கரைக்கு அந்த விலை கொடுக்கத் தேவையில்லை. டாக்சியில் போய், கப்பலில் ஏற வேண்டிய கடைசி நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னதாகத் திரும்பிவிட்டால் ஆபத்து எதுவும் இல்லை.

விலையை ஒப்பிடும்போது இன்னொன்றும் கவனியுங்கள். கப்பல் நிறுவனம் தலைக்கு இவ்வளவு என்று வாங்கும். தலைக்கு 60 டாலர் என்றால் ஐந்து பேருக்கு 300. வெளியே ஒரு வேனை ஓட்டுநர், வழிகாட்டியோடு குடும்பத்துக்கு மட்டும் எடுத்தால் வண்டிக்குத்தான் விலை. குழந்தை அழுதால் உடனே திரும்பலாம் என்ற சுதந்திரமும் அதில் இருக்கிறது. பதிவு செய்யும் முன், ‘கப்பல் துறைமுகத்துக்கு வராவிட்டால் முழுப் பணமும் திரும்பக் கிடைக்கும்’ என்று எழுத்தில் வாங்குங்கள். காற்று, அலை காரணமாகத் துறைமுகத்தை ரத்து செய்வது அடிக்கடி நடக்கிறது. கப்பல் நிறுவனத்தின் சுற்றுலாவாக இருந்தால் அந்தப் பணம் தானாகத் திரும்பிவிடும்.

டாக்சியில் மீட்டர் கிடையாது. ஏறுமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள்: வண்டிக்கா, ஆளுக்கா? போவதற்கு மட்டுமா, திரும்பவும் சேர்த்தா? டாலரா, பெசோவா? மெக்சிகோவில் பெசோவுக்கும் அதே டாலர் குறியைத்தான் போடுகிறார்கள். உணவுப் பட்டியலிலும் இதே குழப்பம் வரும். குழந்தை இருக்கை டாக்சியில் இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

இனி கடிகாரம். இதில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். கோசுமெலும் கோஸ்டா மாயா என்ற இன்னொரு துறைமுகமும் இருக்கும் கின்டானா ரோ மாநிலம் 2015 முதல் ஆண்டு முழுக்க ஒரே நேரத்தைப் பின்பற்றுகிறது. ப்ரோக்ரேசோ இருக்கும் யுகடான் மாநிலம் அதற்கு ஒரு மணி நேரம் பின்னால். கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளும் அமெரிக்க வழக்கம் இரண்டு மாநிலத்திலும் இல்லை. கப்பல் தான் புறப்பட்ட ஊரின் நேரத்தையே வைத்துக்கொண்டால் என்ன ஆகும்? கோடையில் டெக்ஸாஸ் கப்பலில் போகிறவர்களுக்குக் கோசுமெலில் வித்தியாசம் இருக்காது, ஆனால் ப்ரோக்ரேசோவில் செல்போன் ஒரு மணி நேரம் குறைவாகக் காட்டும். ஃப்ளோரிடா கப்பலில் போகிறவர்களுக்கு அதே ஆபத்து கோசுமெலிலேயே காத்திருக்கிறது. போன் நான்கு மணி என்று காட்டும்போது கப்பலில் ஐந்து ஆகியிருக்கும். இறங்கும் வாசலில் ‘கப்பல் நேரம் என்ன’ என்று கேட்டுச் சாதாரணக் கைக்கடிகாரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். போனை நம்பாதீர்கள்.

கேள்வி: ஜூலையில் டாம்பாவிலிருந்து போகிறோம். கோஸ்டா மாயா, கோசுமெல் இரண்டும் உண்டு. கோஸ்டா மாயாவில் கடற்கரை, கோசுமெலில் இடிபாடு என்று திட்டம். கடல்பாசி நாறுகிறது என்கிறார்களே, உண்மையா? (ஃப்ளோரிடா வாசகி)

பதில்: உண்மைதான். சர்காசம் என்ற பழுப்புநிறப் பாசி கோடை மாதங்களில் கரீபியன் கரையில் மலையாக ஒதுங்குகிறது. அழுகினால் முட்டை கெட்ட வாடை வரும். கோஸ்டா மாயா திறந்த கடலைப் பார்த்திருப்பதால் அடி அங்கேதான் பலம். கோசுமெலில் கப்பல் நிற்கும் மேற்குக் கரை பெருநிலத்தைப் பார்த்திருக்கிறது, பாசி மிகக் குறைவு. உங்கள் திட்டத்தை அப்படியே மாற்றிப் போடுங்கள். கோஸ்டா மாயாவில் சாக்சோபென் இடிபாடுகள், கோசுமெலில் கடல்.

சாக்சோபென் சுமார் ஒரு மணி நேர பஸ் பயணத்தில் இருக்கிறது. காட்டுக்குள் இருக்கும் கோவில்கள், நல்ல நிழல், துலுமில் இருக்கும் கூட்டம் இல்லை. குழந்தைகளுக்கு முதல் மாயா இடிபாடாக நான் இதைத்தான் சொல்வேன். கொசு மருந்து கட்டாயம். கோசுமெலின் கிழக்குக் கரை படத்தில் அழகாக இருக்கும், நீரோட்டம் பலமானது. அங்கே பிள்ளைகளைக் கடலில் இறக்காதீர்கள்.

கேள்வி: டால்ஃபினோடு நீந்த வேண்டும் என்று மகள் அடம் பிடிக்கிறாள். விலையும் அதிகம். செய்யலாமா? (அட்லாண்டா வாசகர்)

பதில்: வேண்டாம். விலைக்காகச் சொல்லவில்லை. நாளெல்லாம் நீந்தித் திரிகிற விலங்கைத் தொட்டியில் அடைத்து, வரிசையில் வருகிறவர்களுக்கெல்லாம் முத்தம் கொடுக்கப் பழக்குவதை என்னால் குழந்தைகளுக்கான பொழுதுபோக்காகப் பார்க்க முடியவில்லை. கடல் பாலூட்டிகளைக் காட்சிகளில் பயன்படுத்துவதைத் தடை செய்து மெக்சிகோவே 2025இல் சட்டம் இயற்றியிருக்கிறது. மகளிடம் காரணத்தைச் சொல்லுங்கள், எட்டு வயதுக் குழந்தைக்கும் புரியும்.

பதிலுக்குக் கண்ணாடி அடித்தளப் படகில் கோசுமெல் பவளப்பாறைகளைக் காட்டுங்கள். நீந்தத் தெரியாதவர்களும் போகலாம். மூச்சுக்குழாய் வைத்து நீர்மட்டத்தில் நீந்தும் ஸ்நோர்கெலிங் என்றால் படகிலிருந்து குதித்து நீரோட்டத்தோடு போவதா, கரையோரம் நின்ற இடத்தில் செய்வதா என்று கேட்டுப் பதிவு செய்யுங்கள். முதல் வகை, நன்றாக நீந்தும் பிள்ளைகளுக்கு மட்டும். குழந்தை அளவில் லைஃப் ஜாக்கெட் உண்டா என்பதையும் முன்பே உறுதி செய்யுங்கள். அந்தப் பவளப்பாறைகள் 1996 முதல் தேசியப் பூங்கா. சன்ஸ்கிரீன் தடவுவதைவிட முழுக்கை நீச்சல் சட்டை போடுவது பாறைக்கும் நல்லது, தோலுக்கும் நல்லது.

கேள்வி: லாஸ் ஏஞ்சலஸிலிருந்து காபோ சான் லூகாஸ் போகிறோம். ஒரு வயதுக் குழந்தை, சக்கர நாற்காலியில் அம்மா. என்ன பதிவு செய்யலாம்? (கலிஃபோர்னியா வாசகர்)

பதில்: எதையும் பதிவு செய்யும் முன் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். காபோவில் கப்பல் கரையில் நிற்காது. கடலில் நங்கூரமிட்டு, டெண்டர் எனப்படும் சிறு படகில் ஆட்களை இறக்குவார்கள். அலை இருந்தால் சக்கர நாற்காலியை ஏற்ற முடியாது என்று அன்று காலையில் ஊழியர்கள் சொல்லிவிடலாம். அதனால் அம்மாவின் பெயரில் திரும்பக் கிடைக்காத பணம் எதையும் கட்டாதீர்கள். குழந்தைக்குப் பெரிய ஸ்ட்ரோலர் வேண்டாம், உடம்போடு கட்டிக்கொள்ளும் கேரியர் போதும்.

இறங்க முடிந்தால் படகுத்துறையிலிருந்தே கண்ணாடிப் படகுகள் எல் ஆர்கோ என்ற பாறை வளைவுவரை போய் வருகின்றன. குளிக்க மெதானோ கடற்கரை மட்டும். வளைவுக்கு அந்தப் பக்கம் பசிபிக் கரையில் யாரும் இறங்கக் கூடாது, அலை உள்ளே இழுத்துவிடும். டிசம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை போகிறீர்கள் என்றால் திமிங்கிலம் பார்க்கும் படகுக்குப் பணம் செலவழிப்பது தகும். படகுத்துறையில் ‘இலவச டாக்சி, இலவசக் காலை உணவு’ என்று யாராவது கூப்பிட்டால் போகாதீர்கள். விடுமுறை விடுதியில் ஆண்டுக்குச் சில நாள் தங்கும் பங்கை விற்கும் டைம்ஷேர் கூட்டத்தில் உட்காரவைத்துப் பாதி நாளைத் தின்றுவிடுவார்கள்.

கேள்வி: நாங்கள் சுத்த சைவம். கரையில் சாப்பிட என்ன கிடைக்கும்? (நியூ ஜெர்சி வாசகி)

பதில்: சோள ரொட்டியான டோர்டியா, அவகாடோ மசியலான குவாக்கமோலே, டோர்டியாவில் சீஸ் வைத்து மடித்த கேசடியா, உப்பும் மிளகாயும் எலுமிச்சையும் போட்ட மாங்காய், பழங்கள் என்று நிறையவே கிடைக்கும். கவனம் வேண்டியது சோறும் பீன்ஸும். சோற்றைக் கோழிச் சாற்றில் வேகவைப்பதும், மசித்த பீன்ஸைப் பன்றிக் கொழுப்பில் தாளிப்பதும் அங்கே வழக்கம். பணிப்பெண் ‘இறைச்சி இல்லை’ என்று சொன்னாலும் இவை இருக்கலாம். ‘சின் கார்னே, சின் போயோ, சின் மான்தேகா’ என்று மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள்: இறைச்சி, கோழி, கொழுப்பு மூன்றும் வேண்டாம். கப்பலிலிருந்து பழமோ சாண்ட்விச்சோ கரைக்கு எடுத்துப்போக விட மாட்டார்கள். பிரிக்காத பிஸ்கட் பாக்கெட்டும் மூடிய தண்ணீர் பாட்டிலும் எடுத்துப்போகலாம்.