மலைக்காற்று அடுப்படிக்குள் வருவதில்லை

கேள்வி: கொழும்புக்காரர்கள் காற்று வாங்க நுவரெலியாவுக்கு வருகிறார்கள். நாங்களோ தேயிலைக்கு நடுவிலேயே இருக்கிறோம். என் அம்மா போன வருஷம் 61 வயதில் மாரடைப்பில் போய்விட்டார். பீடி, சுருட்டு தொட்டதே இல்லை. அடுப்புப் புகைதான் காரணம் என்று தம்பி அடித்துச் சொல்கிறான். பாட்டி அதே அடுப்பில் சமைத்து 88 வயது வரை இருந்தாரே! கேஸ் விற்கிறவர்கள் கிளப்பிவிட்ட கதைதானே இது?
– வாசகர், பொகவந்தலாவை

பதில்: கேஸ் கதையை முதலில் முடித்துவிடுவோம். 2022இல் சிலிண்டருக்கு வரிசையில் நின்று, கிடைக்காமல் விறகுக்கே திரும்பிய நாடு இது. இங்கே புகையைக் காட்டி யாரும் வியாபாரம் பண்ண முடியாது.

புகைக்கும் இதயத்துக்கும் உள்ள தொடர்பைப் பிடித்ததும் நம் அடுப்படியில் இல்லை. அமெரிக்காவில் ஆறு நகரங்களில் எட்டாயிரத்துச் சொச்சம் பேரை வருஷக்கணக்கில் கவனித்து 1993இல் ஓர் ஆய்வு வந்தது. அழுக்குக் காற்று ஊரில் இருந்தவர்கள், சுத்தமான ஊர்க்காரர்களைவிட 26 வீதம் கூடுதலாகச் செத்திருந்தார்கள், அதுவும் புகைபிடிக்கும் பழக்கத்தைக் கணக்கில் எடுத்த பிறகு. 2002இல் ஐந்து இலட்சம் பேரை வைத்து இன்னொன்று: ஒரு கனமீட்டர் காற்றில் நுண்துகள் 10 மைக்ரோகிராம் ஏறினால் இதய, நுரையீரல் நோய்ச் சாவு 6 வீதமும் நுரையீரல் புற்றுநோய்ச் சாவு 8 வீதமும் ஏறுகின்றன. ஆறு வீதம்தானே என்று நினைப்பீர்கள். சரி, உலக சுகாதார நிறுவனம் 2021இல் வைத்த எல்லை, வருஷச் சராசரி 5 மைக்ரோகிராம். காற்றோட்டமில்லாத அடுப்படியில் நுண்துகள் ஏற்கத்தக்க அளவைப்போல் நூறு மடங்குவரை போகும் என்று சொல்வதும் அதே நிறுவனம்தான். (அதற்காக ஆறை நூறால் பெருக்கிவிடாதீர்கள், கணக்கு அப்படி நேராகப் போகாது.)

நுரையீரலுக்குள் போகும் புகை இதயத்தை ஏன் தொடுகிறது என்றால், 2.5 மைக்ரோனுக்குக் குறைந்த துகள் மூக்கிலும் தொண்டையிலும் நிற்பதில்லை, நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போய்விடுகிறது. அங்கே கிளம்பும் அழற்சி இரத்தத்தில் பரவி, வருஷக்கணக்கில் நாளங்களைக் கெடுத்து, கொழுப்புப் படியவும் இரத்தம் உறையவும் வழி பண்ணுகிறது. வீட்டுப் புகையால் 2020இல் உலகம் முழுக்க 32 இலட்சம் பேர் இறந்ததாகக் கணக்கு. அதில் இதயநோய்ப் பங்கு 32 வீதம், பக்கவாதம் 23. மூச்சிழுப்பும் இருமலும் மட்டும்தான் புகையின் வேலை என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். மரணச் சான்றிதழில் மாரடைப்பு என்றுதான் எழுதுவார்கள், அடுப்பு என்று எழுத அதில் இடமில்லை.

உங்கள் அம்மாவுக்கு அதுதான் காரணமா? ஒரு தனி ஆளைக் காட்டி அப்படி அடித்துச் சொல்ல முடியாது, தம்பியிடமும் சொல்லுங்கள். பிரஷர், சீனி, கவலை எல்லாம் சேர்ந்துதான் வரும். ஆனால் பாட்டியைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள். 88 வரை இருந்தவரைத்தான் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அதே லயத்தில், அந்தத் தோட்டத்து வரிசை வீடுகளில், ஐம்பது வயதுகளில் போனவர்களை எண்ணிப் பார்த்தீர்களா?

மலைக்காற்று நல்ல காற்றுதான், மறுக்கவில்லை. ஆனால் விடியற்காலை நாலரைக்கு, பெரட்டுக்கு (காலையில் ஆள் கூட்டி வேலை பிரிக்கும் இடத்துக்கு) போகுமுன் ரொட்டி சுட ஓர் அம்மா குந்தியிருக்கும் இடத்தில் அந்தக் காற்று இல்லை. குளிருக்குக் கதவு சாத்தியிருக்கும். மழைக்காலத்தில் கவ்வாத்து மிலாறு, அதாவது வெட்டிப்போட்ட தேயிலைக் குச்சி, ஈரமாக இருக்கும், ஊதாங்குழலால் ஊத ஊதப் புகைதான் வரும், மடியில் ஒரு பிள்ளை வேறு. அண்ணாந்து பாருங்கள், தகரத்தின் உள்பக்கம் கருந்தாராகப் படிந்திருக்கிறது.

எனக்கு எரிச்சல் வருவது இங்கேதான். துரை பங்களாவில் குளிர்காயும் அடுப்புக்குக்கூடப் புகைக்கூண்டு உண்டு. தேயிலை ஃபெக்டரியின் கூண்டு பக்கத்து மலையிலிருந்தே தெரியும். அவற்றைக் கட்டிய காலத்திலேயே தெரிந்திருந்த வேலைதான், லயத்து அடுப்படிக்கு மட்டும் வரவில்லை. பெண்களைக் கூட்டி வைத்து விழிப்புணர்வு வகுப்பு எடுக்கிறவர்கள் இதை நிர்வாகத்திடம் கேட்கட்டும். அனகி என்கிற களிமண் அடுப்பு விறகை மிச்சம் பிடிக்கும், நல்லதுதான். ஆனால் அதற்குக் கூண்டு கிடையாது, மிச்சப் புகை அறைக்குள்ளேயேதான் சுற்றும். புது வீடு கட்டுகிறீர்கள் என்றால் அடுப்புக்கு மேலே கூரையைத் தாண்டும் கூண்டு வையுங்கள். சுவரில் ஓட்டை விட்டால் போதாது. விறகை மழை படாமல் அடுக்கிக் காயவிடுங்கள்.

கண்டியில் இருப்பவர்களும் சிரிக்க வேண்டாம். சுற்றிலும் மலை, நடுவில் வாகன நெரிசல், காலைக் குளிரில் புகை மேலே ஏறாமல் சட்டிக்குள் அடைத்த மாதிரி கிடக்கும். அதை இன்னோர் இதழில் பார்ப்போம்.

அப்புறம், அம்மா போன பிறகு அந்த அடுப்பில் இப்போது யார் சமைக்கிறார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. மனைவி என்றால், படியேறும்போது மூச்சு வாங்குகிறதா, நெஞ்சு இறுக்குகிறதா என்று இன்றைக்கே கேளுங்கள். இருந்தால் இருமல் பாணியோடு திரும்பி வராமல் ஈசிஜி எடுக்கக் கூட்டிப் போங்கள். சிகரெட் குடிப்பாரா என்று கேட்டுவிட்டு டொக்டர் அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். விறகு அடுப்பில் எத்தனை வருஷம் என்பதை நீங்களாகவே சொல்ல வேண்டும்.