முதல் வேலைல கத்துக்கிட்டது

கேள்வி: முதல் வேலைல கத்துக்கிட்டதுல இன்னிக்கும் உங்களுக்கு உதவுறது எது சார்? - வாசகி, திருச்சி

பதில்: ஆடிட்டர் ஆபீஸ்லதாங்க முதல் வேலை. ட்ரையல் பேலன்ஸ், அதாவது எல்லாக் கணக்கோட டெபிட் (பற்று), கிரெடிட் (வரவு) மொத்தத்த ஒப்பிடுற பட்டியல், டேலி ஆகலைனா நாங்கல்லாம் மறுபடி மொதல்லருந்து கூட்ட ஆரம்பிப்போம், சீனியர் அண்ணன் மட்டும் வித்தியாசத் தொகைய 9-ஆல வகுத்துப் பாப்பாரு, மீதி வரலைனா எங்கயோ 540-ஐ 450-னு மாத்தி எழுதியிருக்க சான்ஸ் அதிகம், அதுவும் இல்லைனா வித்தியாசத்துல பாதித் தொகைய தேடச் சொல்வாரு, டெபிட்ல போக வேண்டியது கிரெடிட்ல உக்காந்திருக்கும், அதனாலதான் வித்தியாசம் ரெண்டு மடங்கா வரும். இப்ப சாஃப்ட்வேரே இதையெல்லாம் பாத்துக்குது, ஆனா எந்தப் பிரச்சனைனாலும் இது என்ன மாதிரி தப்புன்னு மொதல்ல யோசிக்கிற பழக்கம் ஒட்டிக்கிச்சு. அப்புறம் வாயால சொன்ன வேலைய அன்னிக்கே மெயில்ல போட்டுடுறது, பின்னாடி "நான் சொல்லவே இல்லையே"ன்னு யாரும் சொல்ல முடியாது பாருங்க. சம்பளத்த மட்டும் கேட்டுடாதீங்க!