அமெரிக்காவின் சிண்டி ஷீஹன் ஈராக் போர் எதிர்ப்பை விட்டு விலகியது ஏன்? பயந்தாரா, விலைபோனாரா?

இரண்டுமே இல்லை. "விலைபோனாரா" என்ற சொல் கேள்வியில் இல்லாமல் இருந்திருந்தால் பேசாமல் கடந்து போயிருப்பேன். அவர் போராட உட்கார்ந்த 2005 ஆகஸ்ட் படங்களை எங்கோ பார்த்திருக்கிறீர்கள், அப்புறம் நேராக 2007 விலகல் செய்திக்குத் தாவியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். நடுவில் விட்டுப்போன அந்த இரண்டு வருடத்தில்தான் விஷயமே இருக்கிறது.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: ஷீஹனின் மூத்த மகன் கேசி, அமெரிக்க ராணுவத்தில் ஹம்வி என்ற ராணுவ வண்டிக்கு மெக்கானிக். 2004 ஏப்ரல் 4 அன்று பாக்தாதின் சதர் சிட்டியில் சிக்கிக்கொண்ட வீரர்களை மீட்கப் போன குழுவில் தானாகவே முன்வந்து ஏறி, அங்கேயே கொல்லப்பட்டார். வயது 24. கலிஃபோர்னியாவின் வாக்கவில் ஊரைச் சேர்ந்த அம்மா சிண்டி, 2005 ஆகஸ்ட் 6 அன்று டெக்சாசின் கிராஃபோர்டில், அதிபர் புஷ்ஷின் பண்ணைக்குப் போகும் சாலையோரம் உட்கார்ந்துவிட்டார். போரில் இறந்தவர்கள் "உன்னத நோக்கத்துக்காக" இறந்தார்கள் என்று அதிபர் பேசியிருந்தார். எந்த உன்னத நோக்கத்துக்காக என் மகன் செத்தான் என்று நேரில் சொல்லட்டும் என்பதுதான் கோரிக்கை.

"புஷ் அவரை ஏற்கெனவே சந்தித்தாரே, இது நாடகம்தானே" என்று கீழே யாராவது எழுதுவீர்கள், தெரியும். சந்தித்தார்தான். 2004 ஜூனில், ஃபோர்ட் லூயிஸ் முகாமில், வேறு பல குடும்பங்களோடு. போருக்குக் காரணமாகச் சொன்ன பேரழிவு ஆயுதக் கையிருப்பு எதுவும் ஈராக்கில் இல்லை என்ற அமெரிக்க ஆய்வுக்குழுவின் டூல்ஃபர் அறிக்கை வந்தது அதற்குப் பிறகு, அக்டோபரில். ஜூனில் கேட்காத கேள்வியை அடுத்த ஆகஸ்டில் கேட்டதில் என்ன நாடகம் இருக்கிறது?

அந்த இடத்தைப் பற்றி ஒரு விவரம். சாலைக்கும் வேலிக்கும் நடுவே இருந்த பள்ளம் மட்டுமே பொது இடம். வேலிக்கு அப்பால் எல்லாம் தனியார் நிலம். அதனால்தான் வெயிலில் அந்தப் பள்ளத்திலேயே கூடாரம். இறந்த வீரர்கள் பெயரில் சின்னச் சின்ன வெள்ளைச் சிலுவைகளைச் சாலையோரம் நட்டு வைத்தார்கள். ஒருநாள் இரவு ஒருவர் பிக்கப் வண்டிக்குப் பின்னால் சங்கிலியும் குழாயும் கட்டி, நூற்றுக்கணக்கான சிலுவைகளை இழுத்துச் சாய்த்துவிட்டுப் போனார். அக்கம்பக்கத்து நில உரிமையாளர் ஒருவர் இரக்கப்பட்டு இடம் கொடுத்த பிறகே முகாமுக்கு ஒரு நிம்மதி. அடுத்த மாதமே சாலையோரம் கூடாரம் போடக்கூடாது, வண்டி நிறுத்தக்கூடாது என்று கவுண்டி (மாவட்ட) நிர்வாகம் தடை போட்டுவிட்டது. 2006இல் ஷீஹன் கிராஃபோர்டில் ஐந்து ஏக்கர் வாங்கியதற்கு இதுதான் காரணம். விலை 52,500 டாலர். மகனின் காப்பீட்டுப் பணத்தில் ஒரு பகுதி அதற்குப் போனது. கேசி இறந்தபோது வீரர்களுக்கான ஆயுள் காப்பீட்டின் உச்சவரம்பே 2,50,000 டாலர்தான். பிறகுதான் 4,00,000 ஆக்கினார்கள். பணம் சம்பாதித்தார் என்பவர்கள் இந்தக் கணக்கைக் கொஞ்சம் பார்க்கட்டும்.

வீட்டுப் பக்கம் அதைவிட மோசம். முகாம் நடந்துகொண்டிருக்கும்போதே கணவர் விவாகரத்து மனு போட்டார். 29 வருட மணவாழ்க்கை. புகுந்த வீட்டார் சிலர் இவருக்கு எதிராக அறிக்கை விட்டார்கள். அதே மாதம் அவருடைய அம்மாவுக்குப் பக்கவாதம். முகாமை விட்டு ஓடி, பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். மற்ற மூன்று பிள்ளைகளும் அம்மாவைத் தொலைக்காட்சியில் பார்த்த நாட்களே அதிகம். 2006 ஜனவரி 31 அன்று, அதிபர் உரை நடக்கவிருந்த நாடாளுமன்ற அவையில், "2245" என்று இறந்த வீரர் எண்ணிக்கை அச்சிட்ட டி-ஷர்ட் போட்டதற்காகக் கைது செய்தார்கள். படைகளை ஆதரிப்போம் என்ற டி-ஷர்ட் போட்டிருந்த குடியரசுக் கட்சி உறுப்பினர் ஒருவரின் மனைவியையும் அன்றைக்கே வெளியேற்றினார்கள். மறுநாள் போலீசே தப்பை ஒப்புக்கொண்டு வழக்கைக் கைவிட்டது.

இவ்வளவுக்கும் அவர் விலகவில்லை. அதனால் "துக்கம் தாங்காமல்", "பயந்து" என்பதெல்லாம் பொருந்தாது.

விலக வைத்தது ஒரு வாக்கெடுப்பு. 2006 நவம்பரில் ஜனநாயகக் கட்சி இரு அவைகளையும் பிடித்தது. போர் வெறுப்பு அதற்கு ஒரு முக்கியக் காரணம். படைகளைத் திரும்ப அழைக்கக் காலக்கெடு வைத்து அவர்கள் அனுப்பிய நிதி மசோதாவை 2007 மே 1 அன்று புஷ் வீட்டோ செய்தார். அதை முறியடிக்க மூன்றில் இரண்டு பங்கு வேண்டும், கிடைக்கவில்லை. அடுத்து என்ன செய்தார்கள் தெரியுமா? காலக்கெடுவை எடுத்துவிட்டு, சுமார் 12,000 கோடி டாலர் மசோதாவை இரண்டாகப் பிரித்து வாக்கெடுப்புக்கு விட்டார்கள். குறைந்தபட்சக் கூலி உயர்வு முதலான நல்ல சரக்கு ஒரு பக்கம், போர் நிதி மறுபக்கம். போருக்கு எதிராக வாக்களித்த பெயரும் கிடைக்கும், பணமும் போய்ச் சேரும். மே 24 அன்று பிரதிநிதிகள் சபையில் போர் நிதிக்கு ஆதரவு 280, எதிர்ப்பு 142. அந்த 280இல் 86 பேர் ஜனநாயகக் கட்சியினர். அதை அவைக்குக் கொண்டுவந்த சபாநாயகர் பெலோசியே எதிர்த்து வாக்களித்தார் என்றால் பாருங்கள். செனட்டில் 80–14. மறுநாள் புஷ் கையெழுத்து.

மே 28 அன்று, போர்வீரர் நினைவு நாளில், ஷீஹனின் கடிதம் வந்தது. தன்மேல் எறிந்த வசையையே அதற்குத் தலைப்பாக வைத்தார். புஷ்ஷைத் திட்டியபோது தன்னை இடதுசாரிகள் கொண்டாடினார்கள், அதே அளவுகோலை ஜனநாயகக் கட்சிக்குத் தான் வைத்ததும் அவர்களே வலதுசாரிகளின் வசையையே எடுத்துத் தன்மேல் வீசினார்கள் என்று எழுதினார். சமாதான இயக்கத்துக்குள் இருந்த தன்முனைப்பையும் விடவில்லை. அது வெறும் புலம்பல் இல்லை. 2005 செப்டம்பரில் வாஷிங்டன் பேரணியைச் சேர்ந்து நடத்திய இரண்டு பெரிய கூட்டமைப்புகளில் ஒன்று, டிசம்பரிலேயே மற்றதோடு இனி சேரமாட்டோம் என்று தீர்மானம் போட்டுவிட்டது. மகன் வீணாகத்தான் செத்தான் என்றும் எழுதினார். மறுநாள் மே 29, கேசியின் பிறந்தநாள்.

அவர் துறந்தது இயக்கத்தின் "முகம்" என்ற வேலையை. முகத்துக்குச் சம்பளம் கிடையாது, விடுப்பு கிடையாது, மாற்று ஆளும் கிடையாது. மகனை இழந்த ஒரு தாயின் மேல் மொத்த பாரத்தையும் ஏற்றினால் இப்படித்தான் ஆகும் என்பது என் கருத்து. இதைச் சொன்னால் இயக்கத்தைக் கொச்சைப்படுத்துகிறேன் என்பார்கள், பரவாயில்லை.

   

விலகலும் நீடிக்கவில்லை. ஜூலையிலேயே, புஷ்மீது பதவிநீக்கத் தீர்மானம் கொண்டுவராவிட்டால் பெலோசியை எதிர்த்துத் தேர்தலில் நிற்பேன் என்று அறிவித்து, 2008இல் சுயேச்சையாக நின்று 16 விழுக்காடு வாங்கினார். 2009 ஆகஸ்டில் மார்த்தாஸ் வின்யார்ட் தீவில் ஜனநாயகக் கட்சி அதிபர் ஒபாமா விடுமுறையில் இருந்தபோது அங்கேயும் போய்ப் போராடினார். கிராஃபோர்டில் மொய்த்த கேமராக்களில் சொற்பமே அங்கே வந்தன.